துப்பினால் வினாகிரி

கல்முனைக்குடிப் பக்கத்தில் கல்யாண வீட்டு அச்சாறு என்றால் ஸுல்பிகாதான். சஹன் என்கிற பெரிய தட்டில் சோறும் இறைச்சியும் வந்து, ஆட்கள் சுற்றி உட்கார்ந்து, பிஸ்மி சொல்லிக் கை வைக்கிற நேரத்திலும், "ஸுல்பிகாட அச்சாறு எங்க?" என்று யாராவது ஒருவர் தலையைத் திருப்பித் தேடுவார். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், ஈச்சம்பழம், அரைத்த கடுகு, இஞ்சி எல்லாம் மற்றவர்கள் போடுகிறவைதான். ஆனால் மற்றவர்கள் கடைப் போத்தல் வினாகிரியை ஊற்றுவார்கள். ஸுல்பிகா தென்னங்கள்ளு புளித்துப் புளித்து வினாகிரியாக மாறிய சாமானைத்தான் ஊற்றுவாள். "கடை வினாகிரி பல்லைக் கூச வைக்கும். வேற ஒண்டும் செய்யாது" என்பாள்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. கள்ளு ஹறாம். அதே கள்ளு, யாரும் எதையும் சேர்க்காமல் தானாகவே வினாகிரியாகிவிட்டால் ஹலால். ஜாடிக்குள் அது எந்த நாளில் மாறுகிறது என்பதை நாக்கில் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஸுல்பிகாவோ, வினாகிரி என்று உறுதியான பிறகுதான் அதை நாக்கில் வைக்கலாம். மணத்தை நம்ப முடியாது, இரண்டும் புளித்துத்தான் மணக்கும். விற்கிறவரின் சொல்லை நம்பவும் அவளுக்கு மனமில்லை; தன் சாமானைப் பழுது என்று எந்த வியாபாரி சொல்வான்?

தொழில் தொடங்கிய காலத்திலேயே இதற்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். பாண்டிருப்பில் பூபாலபிள்ளை என்பவர் தென்னைகளில் கள்ளு இறக்கி, விற்று மிஞ்சியதை ஜாடிகளில் புளிக்க விடுவார். ஸுல்பிகா வாங்கப் போகும் நாளில், பக்கத்து வளவில் இருக்கும் சாமித்தம்பி மேசனைக் கூப்பிட்டு ஜாடியிலிருந்து ஒரு கிளாஸ் கொடுக்கச் சொல்வாள். அவர் குடியில் பெயர் எடுத்த ஆள். அவர் விழுங்கினால் அது கள்ளு. துப்பினால் வினாகிரி. துப்பிய பிறகுதான் அவள் தன் கேனை முன்னால் நகர்த்துவாள்.

"பள்ளிவாசல்ல பத்வா கேக்கிற புள்ளைகள் இருக்கு. இந்தப் புள்ள எண்ட தொண்டைக்குழியிட்டக் கேக்குது" என்று சாமித்தம்பி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவருக்கு அதில் பெருமைதான்.

குடியைப் பற்றி அவரிடம் திட்டமான கருத்துகள் இருந்தன. காலைக் கள்ளு இனிப்பு, அது பல் முளைக்காத பிள்ளைகளுக்கு. பின்னேரக் கள்ளுதான் கள்ளு, நாக்கின் இரண்டு கரையும் சுருங்க வேண்டும். சாராயம் செத்த வீட்டுக்கு மட்டும். பியர் என்பது கொழும்பிலிருந்து லீவில் வருகிற பொடியன்கள் கையில் பிடித்துக்கொண்டு படம் எடுக்கிற தண்ணீர். ஸுல்பிகா இதையெல்லாம், ஒருவர் தன் வீட்டுக் கறியின் பக்குவத்தைச் சொல்வதைப் போலக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு துளியும் அறியாத அவளுக்கே, எந்தக் கள்ளு யாருக்குப் பிடிக்கும் என்பது மனப்பாடமாகிவிட்டது. அந்த அளவுக்கு அவரை நம்பினாள்.

இந்தப் புரட்டாதியில் சாய்ந்தமருது ஹுஸ்னியா தன் மகளின் கல்யாணத்துக்கு அச்சாறு சொன்னாள். பெரிய கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் மருதமுனையில் கைத்தறிக் கடை வைத்திருப்பவர்கள். அவர்களின் அடுத்தடுத்த கல்யாணங்களும் தன் கைக்கு வரும் என்று ஸுல்பிகா கணக்குப் போட்டாள்.

அவள் பாண்டிருப்புக்குப் போனபோது திரௌபதை அம்மன் கோயில் சடங்கு நடந்துகொண்டிருந்தது. தீ மிதிப்பதற்காகப் பூபாலபிள்ளை காப்புக் கட்டியிருந்தார். மரத்தில் ஏறுவதுமில்லை, கள்ளுப் பக்கம் திரும்புவதுமில்லை. ஜாடிகளைத் தூரத்தில் நின்றே காட்டினார்.

"அந்தக் கரையில கிடக்கிற ஜாடி. ஆகியிருக்கும் எண்டுதான் நினைக்கன். நான் வாயில வைக்க ஒண்ணா, புள்ள."

"நீங்க வெச்சாலும் நான் நம்பமாட்டன் அண்ணே. அவரைக் கூப்பிடுங்க."

சாமித்தம்பி வந்தார். புதுச் சாரம் உடுத்தி, சவரம் செய்த முகத்தோடு இருந்தார். கிளாஸை வாங்கி ஒரு மிடறு எடுத்தவுடன் முகம் கோணி, வேலியோரத்தில் துப்பினார். இரண்டாம் முறையும் காறித் துப்பினார்.

"வினாகிரியோ வினாகிரி! கொண்டு போ, தங்கச்சி."

அப்படி அவர் துப்பியதை ஸுல்பிகா முன்பு பார்த்ததே இல்லை. இவ்வளவு நன்றாக ஆன ஜாடி இதுவரை கிடைக்கவில்லை என்று மகிழ்ந்தாள். கேனை நிரப்பிக்கொண்டு வந்து, அன்றைக்கே கடுகை அரைத்துப் பெரிய சட்டி நிறைய அச்சாறு போட்டு வாயைக் கட்டினாள். மிஞ்சியதை ஒரு போத்தலில் ஊற்றி மூடி வைத்தாள்.

கல்யாணத்துக்கு முந்திய வியாழக்கிழமை கல்முனைச் சந்தையில் ஸுல்பிகா மீன் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் சாமித்தம்பி கணவாய் பேரம் பேசிக்கொண்டு நின்றார்.

"என்ன அண்ணே, கணவாயெல்லாம் பெரிசா?"

"மருமகன் கனடாவால வந்து நிக்கான், தங்கச்சி. விஸ்கி கொண்டந்திருக்கான். ஒரு போத்தல் இனிப்பு. அது எனக்குச் சரிவராது. மற்றது புகை மணக்கும். விறகடுப்புக்குப் பக்கத்தில தேனை வெச்ச மாதிரி! தண்ணி கலக்கக்கூடா. ஐஸ் போட்டா அது பாவம். அதுக்குக் கணவாயைச் சும்மா சுட்டு உப்பு மட்டும் போட்டுச் சாப்பிடணும்."

"அப்ப பின்னேரக் கள்ளு?"

"சீ! அதை ஆரு குடிப்பான்? அவன் வந்த நாளில இருந்து கள்ளு வாயிலயே வைக்க ஒண்ணாம இருக்கு. எந்தக் கள்ளை எடுத்தாலும் வினாகிரி மாதிரித்தான்…"

சாமித்தம்பி தன் பேச்சைத் தானே கேட்டு நிறுத்தினார். ஸுல்பிகாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு கணவாயைப் பார்த்தார்.

"மருமகன் எப்ப வந்தவர்?" என்று அவள் கேட்டாள்.

"அது… நீ ஜாடிக்கு வாறதுக்கு முந்தி."

மீனைக்கூட வாங்காமல் ஸுல்பிகா வீட்டுக்கு வந்தாள். சட்டியைத் திறந்து பார்த்தாள். நிறம் அருமையாக இருந்தது. மணமும் அருமையாக இருந்தது. உள்ளே இருப்பது வினாகிரியா கள்ளா என்று மட்டும் தெரியவில்லை. ஹுஸ்னியாவின் பந்தலில் எத்தனை சஹன், ஒவ்வொன்றிலும் எத்தனை கை என்று எண்ணிப் பார்த்தாள். ஆனால் அவள் உட்கார்ந்து அழுகிற ஆள் அல்ல. வேறொரு தொண்டை வேண்டும், விஸ்கி படாத தொண்டை. அது யார் என்று யோசித்தாள்.

சொறிக்கல்முனையிலிருந்து சூசைப்பிள்ளை வெள்ளிக்கிழமை தோறும் தேசிக்காய், அதுதான் எலுமிச்சை, கொண்டுவருவார். வயலில் இறங்குவதற்கு முன்னும் கள்ளு, ஏறிய பின்னும் கள்ளு என்று வாழ்கிற மனிதர். அவர் மறுநாள் மோட்டார் சைக்கிளை நிறுத்தியபோது, ஸுல்பிகா மிஞ்சிய போத்தலை மதிலில் வைத்தாள்.

"நேத்து என்ன குடிச்சீங்க?"

சூசைப்பிள்ளை திடுக்கிட்டார். "என்ன ராத்தா, பொலிஸ் மாதிரிக் கேக்கிறீங்க? கள்ளுத்தான். வேற என்ன குடிக்க?"

"அப்ப இதில ஒரு மிடறு வெச்சிட்டு, என்னெண்டு சொல்லுங்க."

துப்பு, துப்பு என்று அவள் மனம் ஓதிக்கொண்டிருந்தது. சூசைப்பிள்ளை ஒரு மிடறு எடுத்தார். கண்ணை மூடினார். விழுங்கினார். போத்தலை மறுபடி உயர்த்தி, அரைவாசிக்கு இறக்கிவிட்டுத்தான் வாயைத் துடைத்தார்.

"நல்லா முத்தின கள்ளு. கொஞ்சம் கடுப்பு. ஆனா எனக்கு இப்பிடி இருந்தாத்தான் புடிக்கும். மிச்சம் இரிக்கா, ராத்தா?"

ஸுல்பிகாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. "போத்தலைக் கொண்டு போங்க. தேசிக்காய் மூட்டை முழுக்க எனக்கு வேணும். உங்கட வீட்டில இன்னும் இரிந்தா அதையும் பின்னேரத்துக்குள்ள கொண்டாங்க" என்றாள்.

பின்வளவில் குழி வெட்டி, பெரிய சட்டியை அப்படியே கவிழ்த்தாள். வெங்காயமும் ஈச்சம்பழமும் மண்ணில் விழுகிற சத்தத்தை நின்று கேட்டாள். பிறகு அபாயாவைப் போட்டுக்கொண்டு, சாய்ந்தமருதுக்கு ஓட்டோ பிடித்தாள்.

ஹுஸ்னியா பந்தல்காரர்களோடு சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். ஸுல்பிகா அவளை அறைக்குள் கூட்டிப்போய், நடந்ததை ஒன்றையும் விடாமல் சொன்னாள்.

"அல்லாவே! நீ சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது."

"அப்ப என்னத்துக்குப் புள்ள இதைக் கொண்டு வந்து எண்ட தலையில வைக்காய்? மருதமுனைக்குக் கதை போனா?"

"போகட்டும். கேட்டா, ஸுல்பிகா குழியில கொட்டினாள் எண்டு சொல்லுங்க. கொட்டாம உங்கட சஹனுக்கு அனுப்பியிருந்தா, இனி எவடத்திலயும் என்னால ஒரு சஹன்ல கை வைக்க ஏலாது."

ஹுஸ்னியா கட்டிலில் உட்கார்ந்தாள்.

"மறுகா எண்ட புள்ளைக்கு அச்சாறு?"

"தேசிப்புளியில போடுறன். ருசி வேற மாதிரித்தான் இருக்கும், பொய் சொல்லமாட்டன். ஆனா நல்லா இருக்கும்."

"நல்லா இருக்கணும்" என்றாள் ஹுஸ்னியா. அதில் பாதி மன்னிப்பு, பாதி மிரட்டல்.

கல்யாணத்தில் அச்சாறு தீர்ந்தது. ஆனால் எல்லாரும் புகழவில்லை. மருதமுனைக் கிழவர் ஒருவர் கடுகு தூக்கல் என்றார். "முந்தின ருசி இல்லையே" என்று இரண்டு பேர் கேட்டார்கள். ஹுஸ்னியா கதையை மறைக்கவில்லை. பெண்கள் பந்தலில் அவளே அதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். குழியில் கொட்டிய இடம் வந்தபோது சிரிப்பு நின்றது. மாப்பிள்ளையின் மூத்த ராத்தா ஸுல்பிகாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எங்கட சின்னவள்ட கல்யாணம் தை மாசம்" என்றாள். "வினாகிரியில போட்டாலும் சரி, தேசிக்காயில போட்டாலும் சரி. நீங்கதான் போடணும்."

சடங்கு முடிந்து, பூபாலபிள்ளை தீ மிதித்துக் காப்பும் அவிழ்த்து, மறுபடி மரமேறிப் புது ஜாடிகள் நிரப்பிய பிறகு, ஸுல்பிகா கேனோடு மறுபடியும் பாண்டிருப்புக்குப் போனாள். வேலிக்கு அந்தப் பக்கம் சாமித்தம்பி பழைய சாரத்தோடு நின்றார். கூப்பிடாமலே வந்தார்.

"மருமகன் போயிட்டாரா?" என்று ஸுல்பிகா கேட்டாள்.

"போயிட்டான். போத்தலும் முடிஞ்சுபோச்சு" என்றார், செத்த வீட்டில் கதைக்கிற குரலில்.

"நேத்து என்ன குடிச்சீங்க, அண்ணே?"

"கள்ளு."

"அதுக்கு முந்தின நாள்?"

"கள்ளுத்தான். அதுக்கும் முந்தியும் கள்ளு. என்ன தங்கச்சி, எண்ட நாக்கில உனக்குச் சந்தேகமா?"

"நாக்கில சந்தேகம் இல்ல. மருமகன்லதான் சந்தேகம்."

பூபாலபிள்ளை சத்தம் போட்டுச் சிரித்தார். சாமித்தம்பி கோபித்த மாதிரிக் கிளாஸை வாங்கினார். ஒரு மிடறு எடுத்து, நாக்கின் இரண்டு கரையிலும் ஓடவிட்டு, நிதானமாக விழுங்கினார். இன்னொரு மிடறும் விழுங்கினார். பிறகு கிளாஸைக் காலியாக்கிக் கவிழ்த்துக் காட்டினார்.

"இன்னும் ஆகல்ல" என்றார். "நல்ல கள்ளு."

ஸுல்பிகா வெறுங்கேனை எடுத்துக்கொண்டு சந்தோசமாக வீட்டுக்குப் போனாள்.