சிகரத்துக்குக் கொண்டுபோன தேங்காய்

ஐந்தாறு வருடங்களுக்கு முன், ஒரு செப்டம்பர் மாதம். லடாக்கில், ஆட்கள் அதிகம் ஏறாத ஒரு பனிச் சிகரத்தின் கீழே கூடாரம் போட்டிருந்தோம். அதற்குப் பெயர்கூடக் கிடையாது.

எனக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம். போர்வெல் ரிக் வண்டித் தொழில். துளை போட வடக்கே போனபோது தூரத்தில் பார்த்த பனிமலைமேல் வந்த ஆசைதான், என்னை மலையேறப் பழக வைத்தது. தேங்காய் உடைக்காமல் நாங்கள் எங்கேயும் துளை போடமாட்டோம். பூமிக்கு உண்டென்றால் மலைக்கும் உண்டுதானே! உச்சியில் உடைக்க எங்கள் தோப்புக் காய் ஒன்றைப் பையின் அடியில் ஒளித்து வைத்திருந்தேன். குழுத் தலைவர் நாமக்கல்காரர். துண்டைக்கூட எடை பார்த்துக் குறைக்கச் சொல்கிற மனிதர்.

கடைசி முகாமில் காலையில் பையைத் திறந்தால், காய் தானாகவே வெடித்துக் கிடக்கிறது. உள்ளே தண்ணீர் உறைந்து ஓட்டைப் பிளந்துவிட்டது. பனிமலைக்கு இளநீரும் கொண்டு வந்தாயா என்று எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் எதிர்ச்சரிவில் புதுப்பனி மொத்தமாகச் சரிந்து இறங்கியது. அன்று நாங்கள் ஏற இருந்த வழி அது.

"எறங்கலாம்" என்றார் தலைவர்.

"ஒரு நாள் பொறுத்துப் பாக்கலாமுங்கண்ணா. காய் அழுகலீங்க, வெள்ளையாத்தான் இருக்குது. நல்ல சகுனமுங்க."

"காய் நல்லாத்தான் இருக்குது சாமி. பனி நல்லா இல்லையே."

அழுதேவிட்டேன். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. ஒரு மூடியைச் சிகரம் பார்த்த பாறையில் வைத்தேன். மற்றதை, கோயிலில் வாங்கி வருவதுபோல வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

"ஏறிட்டீங்களா?" என்றாள் மனைவி. காய்ந்துபோன மூடியைக் கையில் கொடுத்தேன். வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"மலை பாதியத்தான வாங்கியிருக்குது? மிச்சத்துக்கு இன்னொருக்கா கூப்புடுமுங்க."

கூப்பிடத்தான் செய்கிறது. முழங்கால்தான் போய்விட்டது. மாடிப்படியே வேண்டாம் என்கிறார் டாக்டர். இன்றும் புது இடத்தில் காய் உடைத்து ரிக்கை ஓடவிட்டால், தண்ணீர் வருமா என்று எல்லோரும் தரையைப் பார்த்து நிற்பார்கள். என் கண் வடக்கே போய்விடும். உயிரோடு கூட்டி வந்த அந்த மனிதரை நன்றியோடுதான் நினைக்கிறேன். ஆனாலும் அந்த உச்சியில் ஒரே ஒருமுறை என் கால் பட்டிருக்கக் கூடாதா என்ற ஏக்கம் மட்டும் தீரவே இல்லை.