கல் கொத்தியவர் வீட்டு ராகி

குடும்ப மலருக்கு எங்கள் மாவு மில்லின் வரலாற்றை எழுதித் தரச் சொல்லித் தம்பி மகன் போன் செய்தான். "சாதி பாக்காம ஊருக்கே அரைச்சுக் குடுத்தோம்னு போட்றலாமுங்களா பெரியப்பா?" என்றான். போனை வைத்துவிட்டேன்.

சூடான மாவின் வாசனையே எனக்கு ஆகாது. உங்களுக்கு அது பசியைக் கிளப்பலாம். எனக்கு மாரக்காவின் முகம்தான் வரும்.

அறுபதுகளின் தொடக்கம். சோமனூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எஸ்.எஸ்.எல்.சி.யில் இரண்டு முறை கோட்டைவிட்ட என்னை அப்பா மில்லில் உட்காரவைத்தார். சுவிட்சைப் போடுவதும் தானியத்தைக் கொட்டுவதும்தான் வேலை. அதற்கே முதலாளி மிடுக்கு! தலையெல்லாம் மாவு படிந்து, இருபது வயதில் கிழவனாகத் திரிந்தேன்.

சேரிக்காரர்களின் தானியம் கடைசியில்தான் கல்லில் விழ வேண்டும் என்பது அப்பாவின் விதி. முன்னால் அரைத்தவர் மாவு கொஞ்சம் கல்லில் ஒட்டியிருந்து அடுத்தவர் மாவோடு கலக்குமல்லவா, அது தீட்டாம். இத்தனைக்கும், தேய்ந்த கல்லை உளியால் கொத்திக் கொடுப்பவர் சேரியிலிருந்து வரும் ரங்கன். அவர் கை படாத இடம் அந்தக் கல்லில் இல்லை.

ஒருநாள் காலை ரங்கனின் மனைவி மாரக்கா இரண்டு படி ராகியோடு வந்தார்.

"ஏனுங்க சாமி, கொழந்தைக்கு மூணு நாளாக் காச்சலுங்க. கஞ்சி காச்சோணும். சித்த மொதல்ல அரைச்சுக் குடுங்க."

அப்பா அன்று ஊரில் இல்லை. நான் நினைத்திருந்தால் அரைத்திருக்கலாம். "வெளிய நில்லு, கடைசீல பாக்கலாம்" என்றேன். அவருக்கு என் அம்மா வயது.

மத்தியானம் அவர் முறை வரும்போது கரண்ட் போயிற்று. சாயங்காலம்வரை வெயிலில் நின்றவர், ராகியை அப்படியே தூக்கிக்கொண்டு நடந்தார். குழந்தை பிழைத்துக்கொண்டது, என் புண்ணியத்தால் அல்ல.

அடுத்த வாரம் கல் தேய்ந்தது. ஆள் அனுப்பியதும் ரங்கன் வந்தார், வெறுங்கையோடு.

"உளி எங்கடா?" என்றார் அப்பா.

"எங்கூட்டு ராகிக்குத் தீட்டுன்னா எங்கையிக்குந் தீட்டுதானுங்க. வேற ஆளப் பாத்துக்குங்க. வாரேனுங்க."

அப்பா கத்தினார். நான் சுவிட்சைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வேறு ஆள் கொத்திய கல்லில் மாவு நறநறத்தது. வீட்டுக் களியில் மண். அப்பா வீம்புக்கு விழுங்கினார்; நான் வெளியே போய்த் துப்பினேன். விதி மட்டும் மாறவில்லை.

அந்த மாதமே ரங்கன் குடும்பம் போத்தனூர் பக்கம் போய்விட்டது. முப்பது வருடம் கழித்துத்தான் எனக்குத் தேடிப் போகத் தோன்றியது. தெருத் தெருவாக விசாரித்தேன். மாரக்கா என்று ஒருவர் இருந்ததாகவே அங்கே யாருக்கும் தெரியவில்லை.