உருண்டைகளின் சூப்பர்வைசர்

"ரெண்டு, நாலு, ஏழு... மத்தவங்கள்லாம் எங்கப்பா போனீங்க? மணி ஆறேகால் ஆச்சு." கண்ணாடிப் பெட்டியின் பக்கவாட்டில் டார்ச் அடித்து ஆஜர் எடுக்கிறார் சூப்பர்வைசரம்மா. உள்ளே சருகுகளுக்கிடையில் சாம்பல் நிறப் பூச்சிகள் நாலா பக்கமும் ஓடுகின்றன. ஒன்று மட்டும் ஓடச் சோம்பல்பட்டு, மிளகு போலச் சுருண்டு செத்த மாதிரி கிடக்கிறது. "நடிப்பெல்லாம் என்கிட்ட வேணாம். பதினாலு காலை வச்சுக்கிட்டு உனக்கு நடக்க வலிக்குதா?"

பன்னிரண்டு மாடி அலுவலகக் கட்டடத்தின் துப்புரவுப் பணி முழுவதும் இவர் பொறுப்பு. இவருக்குக் கீழே இருபத்திரண்டு பேர் வேலை செய்கிறார்கள். ஜன்னல் விளிம்பில் இவர் ஒற்றை விரலை ஓட்டிப் பார்த்தால் அந்தத் தளத்து மேலாளரே எழுந்து நின்றுவிடுவார். வீட்டுக்கு வந்தால் முன்னறையில் நாலடி நீளத்துக்கு இந்தப் பெட்டி. மேலே விளக்கு, கீழே மண்ணும் சருகும் மரப்பட்டையும், ஒரு மூலையில் ஈரப் பாசி. நடுவில் தடித்த அரணை ஒன்று நீல நாக்கை நீட்டியபடி படுத்திருக்கும்.

நாலாம் மாடிக் கம்பெனி இடத்தைக் காலி செய்தபோது எட்டு நாற்காலி, ஒரு வாடிய செடி, இந்த அரணை எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டுப் போனது. நாற்காலிகளுக்குப் போட்டி இருந்தது. அரணையைச் சீந்துவாரில்லை. இவர்தான் மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். அரணைக்கு மறதி அதிகம் என்பார்கள். இது தீனி நேரத்தை ஒருநாளும் மறந்ததில்லை. தின்றால் கழியும், கழிந்தால் துடைக்க ஆள் வேண்டும். "நான் ஊரெல்லாம் துடைச்சிட்டு வந்து இங்கேயும் துடைக்கணுமா?" என்று கேட்டு, இதற்கும் ஆள் எடுத்தார். அந்த ஆட்கள்தான் இந்தப் பூச்சிகள். வளர்ப்புப் பிராணிக் கடைக்காரர் ஐசோபாட் என்று சொல்லித்தான் கொடுத்தார். இவருக்கு அவை 'உருண்டைங்க'.

முதல் தடவை எடுத்த ஆட்கள் சரியில்லை. "கலரா இருந்தாங்க, எடுத்துட்டேன். வேலைக்கு ஆள் எடுக்கிறப்ப யாராவது முகத்தைப் பார்ப்பாங்களா? எனக்குப் புத்தி வேணாம்?" ஆரஞ்சு நிறத்தில் பன்னிரண்டு. பட்டப்பகலில் கடைத்தெருவில் உலாவுவது போல உலாவியதில், நாலே நாளில் பதினொன்றை அரணை சப்புக்கொட்டித் தின்றுவிட்டது. பிழைத்த ஒன்று தயிர் டப்பாவில் தனியாக வாழ்கிறது. அது ரிட்டயர் ஆகிவிட்டதாம்.

அடுத்த முறை கடைக்குப் போனபோது உஷாராகிவிட்டார். சருகுக்கு அடியிலேயே இருக்க வேண்டும், முதலாளி அரணையின் கண்ணில் படக் கூடாது, சீக்கிரம் பெருக வேண்டும். சில வகைப் பூச்சிகள் பசி வந்தால் தோலுரிக்கும் அரணையையே கடித்துப் பார்க்கும் என்று எங்கோ கேட்டிருந்தார். "இவங்க மேல கடிச்ச ரெக்கார்டு ஏதாவது இருக்கா?" என்று கடைக்காரரை நிற்க வைத்து விசாரித்தார். அப்படித் தேறியவைதான் இந்தச் சாம்பல் உருண்டைகள். கூடவே கடுகில் பாதிகூட இல்லாத, துள்ளித் துள்ளி ஓடும் வெள்ளைப் பூச்சிகள் ஒரு டப்பா. பூஞ்சணத்தைத் தின்பது அவற்றின் வேலை. ஈர மூலை அந்தப் பொடிசுகளின் டிபார்ட்மெண்ட்.

சூப்பர்வைசரம்மாவிடம் ஒரு பலவீனம் உண்டு. வேலையாட்கள் கையில் துடைப்பம் கொடுக்கும் முன் "சாப்பிட்டியா?" என்று கேட்காமல் இருக்க மாட்டார். இல்லை என்றால் வேலையைத் தொட விட மாட்டார். பத்தொன்பது வயதில் ஒரு கேன்டீனில் மேசை துடைத்தவர் அவர். கடைசித் தட்டைக் கழுவி முடித்த பிறகுதான் அங்கே ஊழியர்களுக்குச் சாப்பாடு. அதுவும் மிச்சம் இருந்தால். அதைப் பற்றி அதிகம் பேச மாட்டார். "பசியோட துடைச்சா தரை வெளுக்காது" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

அதனால் உருண்டைகளுக்கும் ராஜ உபசாரம். காலையில் வெள்ளரித் துண்டு, மாலையில் கேரட், வாரம் இருமுறை மீன் தீனி. உருண்டைகள் கொழுத்தன, குடும்பம் குடும்பமாகப் பெருகின. பெட்டி நாற ஆரம்பித்தது.

கணவர் பேருந்து ஓட்டுநர். டீசல் வாசத்தையும் தாண்டி, எந்த சீட்டில் எவர் ஆரஞ்சு உரிக்கிறார் என்று சொல்லிவிடும் மூக்கு அவருக்கு. "இந்தா பாரு, ஒண்ணு நாத்தம் போகணும், இல்ல பெட்டி போகணும். ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான் பொறுப்பேன். டிப்போவில மெக்கானிக் ஒருத்தர் இப்பவே தூக்கிட்டுப் போக ரெடி." சூப்பர்வைசரம்மா மெக்கானிக்கிடம் கணவரை அனுப்பினாலும் அனுப்புவாரே தவிர அரணையை அனுப்ப மாட்டார் என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

கடைக்காரர் பெட்டியின் படத்தை போனில் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அக்கா, வேளாவேளைக்கு வெள்ளரி வந்தா எவன்க்கா அந்தக் கழிவைத் தொடுவான்? நீங்க போட்ட காயே பாதி அழுகிக் கிடக்கு. இவங்களுக்குச் சருகும் அந்தக் கழிவும்தான்க்கா சாப்பாடு. இனிமே ஒண்ணும் போடாதீங்க."

"பட்டினி போடச் சொல்றியா?"

"பசிக்க விடச் சொல்றேன்."

அந்த வாரம் அவர் பட்ட பாடு சொல்லி மாளாது. திங்கட்கிழமை அழுகிய காய்களை இடுக்கியால் பொறுக்கி எறிந்தார். செவ்வாய்க்கிழமை அவருக்கே சாப்பாடு இறங்கவில்லை. புதன்கிழமை பெட்டிக்கு அருகே கணவரிடம் கையும் களவுமாக மாட்டினார்.

"முந்தானையில என்ன?"

"கேரட்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்" என்று சொல்லி, அவர் கண்ணெதிரிலேயே பச்சையாகக் கடித்து மென்றார். வியாழக்கிழமை வேலையிடத்தில் எல்லோருக்கும் இரண்டாம் முறை தேநீர் வரவழைத்தார். ஒரு தப்பும் செய்யாத லிஃப்ட்காரரைத் திட்டினார். வெள்ளியும் சனியும் பெட்டிப் பக்கமே திரும்பவில்லை. தன்னை நம்பி வந்த ஜீவன்களின் வயிற்றில் தானே அடித்துவிட்டோம் என்ற குற்ற உணர்வு அவரை அரித்துக்கொண்டிருந்தது.

ஞாயிறு காலை. பெட்டி விளக்கு இன்னும் போடவில்லை. கணவர் முன்னறையில் நின்று ஒருமுறை மூச்சை இழுத்தார். நம்பாமல் பெட்டி மூடியைத் திறந்து, மூக்கை உள்ளே விட்டு மறுபடி இழுத்தார். மழை பெய்த மண்வாசம்தான் வந்தது.

"ஏய், இங்க வாயேன். உன் ஆளுங்களைப் பாரு."

ஈரக் கையோடு ஓடிவந்தார் சூப்பர்வைசரம்மா. தண்ணீர்க் கிண்ணத்தின் பக்கத்தில், அரணை முந்தின நாள் போட்டுவைத்ததைச் சுற்றி உருண்டைகள் தோளோடு தோள் இடித்து நின்றிருந்தன. இடுக்குகளில் பொடிசுகள் உப்பு சிந்தியது போல. மற்ற இடத்திலெல்லாம் வெறும் கறைதான் மிச்சம். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"சரி, மெக்கானிக்கை வேணாம்னு சொல்லிடறேன்" என்றார் கணவர். நன்றாகப் பார்க்கலாமென்று டார்ச்சைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

சூப்பர்வைசரம்மா டார்ச்சின் முகத்தை உள்ளங்கையால் பொத்தினார். "சாப்பிட்டுட்டு இருக்காங்க. நின்னு பார்க்காதீங்க" என்று கிசுகிசுத்து, கணவரை முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்துச் சென்று, சத்தம் வராமல் கதவைச் சாத்தினார்.