விர்ச்சுவல் மெஷினுக்கு சப்போர்ட் கிடையாதாம்

இன்னிக்குக் காலையில அத்திபெலே ஃபேக்டரியில கன்வேயர் நின்னுபோச்சு. மோட்டார் கன்ட்ரோலர்ல செட்டிங் அழிஞ்சிருந்தது. அதைத் திரும்ப ஏத்தற டூல் விண்டோஸ்ல மட்டும்தான் ஓடும். என் லேப்டாப் லினக்ஸ்.

இதுக்குன்னே லினக்ஸுக்குள்ள ஒரு விர்ச்சுவல் மெஷின் போட்டு, அதுல விண்டோஸ் வெச்சிருக்கேன். கேபிளைச் சொருகினதும் கன்ட்ரோலர் தெரிஞ்சுது. செட்டிங் ஏத்தறதுக்கான பாஸ்வேர்ட் கேட்டு கன்ட்ரோலர் கம்பெனிக்கு போன் பண்ணினேன் பாருங்க, அதுதான் தப்பு.

"விர்ச்சுவல் மெஷினா? அதுக்கு சப்போர்ட் கிடையாது. அதுல ஏத்தினா வாரண்டி போயிடும் சார். எங்க இன்ஜினியர் வருவார், தொடாதீங்க."

ஓசூர் ரோடு டிராஃபிக்ல அவர் வந்து சேர நாலு மணி நேரம். அதுவரைக்கும் எங்க சூப்பர்வைசர் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்து "ஆய்த்தா?"ன்னு, முடிஞ்சுதான்னு கன்னடத்துல கேட்டுட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்துட்டுப் போனார்.

இன்ஜினியர் புத்தம்புது விண்டோஸ் லேப்டாப்பைத் திறந்தார். அதுக்குள்ள இன்னொரு விண்டோ. அதுல ஓடுது ஒரு அரதப்பழசான விண்டோஸ்.

"இது என்ன சார்?"

"விர்ச்சுவல் மெஷின் சார். நம்ம டூல் புது விண்டோஸ்ல ஓடாது."

கொஞ்சம்கூட கூச்சமில்லாம சொன்னார். ரெண்டே நிமிஷத்துல கன்வேயர் ஓடிச்சு.

அப்புறம் சர்வீஸ் ரிப்போர்ட்ல, "விர்ச்சுவல் மெஷின் பயன்படுத்த வேண்டாம் என கஸ்டமருக்கு அறிவுறுத்தப்பட்டது"ன்னு எழுதி கையெழுத்து கேட்டார். போட்டேன். கீழேயே, "இன்ஜினியரும் அதில்தான் ஏற்றினார்"னு ஒரு வரி சேர்த்தேன்.

"அதை அடிச்சிடுங்க சார். ஆபீஸ்ல பார்த்தா என் லேப்டாப்புக்கும் சப்போர்ட் கிடையாதும்பாங்க."

அடிக்கல. அந்தக் கம்பெனியில யாருக்குத்தான் சப்போர்ட் உண்டுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.