கரையிறங்கக் கேட்டவள்

எழுபதுகளின் நடுவில் நான் துபாயில் ஒரு ஹோட்டலில் தையல்காரி. தேரா பக்கம், கடல் ஊருக்குள் கை நீட்டியதுபோல் ஓடுகிற கழியின் கரையில் இருந்தது அந்த ஹோட்டல். கட்டில் விரிப்பு, மேசை விரிப்பு, பரிமாறுகிறவர்களின் உடுப்பு, எது கிழிந்தாலும் என்னிடம்தான் வரும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இதைக்கூட எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் நான் தைத்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலும் ஒருவரும் கண்டுபிடிக்க முடியாது. அதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. என் வீட்டுக்காரர் அதே ஹோட்டலில் சமையல்காரர். இருவருக்கும் திருநெல்வேலிப் பக்கம்.

ஒரு குளிர்காலத்தில் எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் தங்கள் ஆட்கள் கேட்பதற்காக வெளிநாட்டிலிருந்து ஒரு சிம்பனி வாத்தியக் குழுவை வரவழைத்தார்கள். ஹோட்டல் தோட்டத்தில், கழியை ஒட்டி மேடை போட்டார்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்று நான் எண்ணவில்லை. காலையில் முட்டை போதவில்லை என்று என் வீட்டுக்காரர் கத்தியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. ஆளைவிடப் பெரிதாக ஒரு கறுப்புப் பெட்டி வந்து இறங்கியது. அதைத் தூக்கிய பதான் ஒருவன், உள்ளே யாரையோ கிடத்தியிருக்கிறது என்று நினைத்துக் கண்ணை மூடி ஓதத் தொடங்கிவிட்டான். திறந்து பார்த்தால் பெரிய பிடில்.

வேலைக்கு நடுவே நான் அடிக்கடி தோட்டத்துப் பக்கம் போய் நின்றேன். போகக்கூடாது என்றுதான் உத்தரவு. கையில் ஒரு மேசை விரிப்பை வைத்துக்கொண்டால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். முதலில் ஒரு குழல் ஒரே சுரத்தை நீட்டும். அதைக் கேட்டு மற்றவர்கள் எல்லோரும் திருகித் திருகி வந்து சேர்ந்துகொள்வார்கள். எங்கள் ஊர்க் கோயிலில் சுருதிக்காக ஒத்து ஊதுகிறவர் மேளம் முடிகிறவரை ஊதிக்கொண்டேயிருப்பார். இங்கே ஒத்து ஒரே தடவை வந்து நின்றுவிடுகிறது. மிச்ச நேரத்துக்கு அதை எங்கே வைத்துக்கொள்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. முன்னால் ஒருவர் கையில் சின்னக் குச்சியோடு நின்றார். அவர் எதையும் வாசிக்கவில்லை. வாசிக்காதவருக்குத்தான் அத்தனை பேரும் பயப்பட்டார்கள். அவரை நான் குச்சிக்காரர் என்றே சொல்லி வந்தேன்.

அவர்களோடு ஒரு பாடகி வந்திருந்தாள். கனடா தேசத்தின் மேற்குக் கரையில், காடு வந்து கடலைத் தொடுகிற இடத்துப் பழங்குடிப் பெண். பாட்டைத் தானே கட்டித் தானே பாடுகிறவள். என் வயதுதான் இருக்கும். பயணத்தில் அவளுடைய போர்வையிலிருந்து பித்தான்கள் உதிர்ந்துவிட்டன என்று என்னைக் கூப்பிட்டார்கள். கறுநீலக் கம்பளிப் போர்வை, சிவப்புக் கரை. நடுவில் ஒரு பெரிய பறவை. அந்தப் பறவையின் உருவம் முழுக்கச் சிப்பிப் பித்தான்களை வரிசையாகத் தைத்தே கொண்டுவந்திருந்தார்கள். ஒவ்வொன்றையும் நான் நூலை நாலு முறை ஓட்டி இறுக்கினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஏதோ கேட்டாள். எனக்குத் தெரிந்த ஹோட்டல் இங்கிலீஷில் அது அகப்படவில்லை.

விருந்து மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் பாயைக் கூப்பிட்டேன். காயல்பட்டினத்துக்காரர். தேராவில் கடை வேலையில் தொடங்கி ஹோட்டலுக்கு வந்தவர். அரபி, இங்கிலீஷ், இந்தி எல்லாம் தண்ணீர்பட்டபாடு.

அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "தங்கச்சி, ஒனக்கு எந்த ஊருன்னு கேக்குறாங்க."

"திருநெல்வேலின்னு சொல்லுங்க."

சொன்னார். அவள் முகம் வாடிவிட்டது. எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டு யாரும் முகம் வாடி நான் பார்த்ததில்லை. எனக்குச் சுருக்கென்றது.

கச்சேரி நாள் காலை ஒத்திகையில்தான் விஷயம் வெளியே வந்தது. மற்ற பாட்டுகளையெல்லாம் பாடினாள். கடைசிப் பாட்டு, அவள் வாத்தியக் குழுவுக்கென்றே கட்டியது. அத்தனை வாத்தியங்களுக்கும் அதைக் குச்சிக்காரர்தான் ஒரு வருஷம் உட்கார்ந்து எழுதினாராம். வாத்தியங்கள் மெதுவாக எழுந்தன. அவள் வாயைத் திறக்கவில்லை. மறுபடி எழுந்தன. மறுபடியும் இல்லை. தொண்டை கட்டிக்கொண்டது என்று எல்லோரும் ஓடினார்கள். என் வீட்டுக்காரர் சுக்கும் மிளகும் தட்டிக் கஷாயம் போட்டுக் கொடுத்தார். அவள் ஒரு சொட்டு விடாமல் குடித்தாள், நன்றாயிருக்கிறது என்றாள், தொண்டைக்கு ஒன்றுமில்லை என்றாள்.

பாய்தான் வந்து எனக்கு எடுத்துச் சொன்னார். அவர்கள் சனத்தில் வழக்கம் இப்படி. வேறொருவர் கரைக்குப் படகில் போனால் உடனே இறங்க மாட்டார்கள். தண்ணீரிலேயே நின்று, நாங்கள் இன்னார், இறங்கலாமா என்று கேட்பார்கள். கரைக்கு உரியவர் வா என்று சொன்ன பிறகுதான் காலைத் தரையில் வைப்பார்கள். இந்தப் பாட்டு, அப்படி இறங்குகிறபோது பாடுகிற பாட்டு. போகிற ஊரிலெல்லாம் அந்த மண்ணுக்கு உரிய ஒருவரைத் தேடிக் கேட்டுவிட்டுத்தான் இதைப் பாடுவாளாம். இங்கே வந்ததிலிருந்து பார்க்கிறவர்களையெல்லாம் எந்த ஊர் என்று கேட்டிருக்கிறாள். ஒருவரும் இந்த ஊர் என்று சொல்லவில்லை.

"இதுக்குப் போயா?" என்றேன். "விசா இருக்குல்லா? கஃபீல் கையெழுத்துப் போட்டிருப்பாரு. அதுக்கு மேல என்ன அனுமதி வேணுமாம்?"

நாங்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம். வளைகுடாவில் இருக்கிறவனுக்கு அனுமதி என்றால், விசா கொடுத்துப் பொறுப்பேற்கிற கஃபீலின் முத்திரைதான். மேலாளரும் அதையேதான் நினைத்து, கம்பெனி வாங்கி வைத்திருந்த தாளைக் கொண்டுவந்து காட்டினார். அவள் தலையாட்டினாள், தாளை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள், பழையபடி கேட்டாள். உடனே மேலாளர் கணக்கு ஆபீஸிலிருந்து உள்ளூர்க்காரரைப்போல் வெள்ளை அங்கி போட்ட ஒருவரை அழைத்து வந்து நிறுத்தினார். அவள் எழுந்து நின்று பணிவாக அவருடைய ஊரைக் கேட்டாள். மனுஷன் பொய் சொல்லியிருக்கலாம். எகிப்து என்று சொல்லிவிட்டார்.

குச்சிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சாயந்தரம் கச்சேரி. வழி கிடைக்காவிட்டால் அந்தப் பாட்டை எடுத்துவிடலாம் என்று அவள் அமைதியாகச் சொல்லிவிட்டாள். ஒரு வருஷ உழைப்பு அவருக்கு. அவளுக்கும்தான் என்று நினைக்கிறேன். எடுத்துவிடலாம் என்று சொன்னபோது அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, போர்வைப் பித்தானை நெருடிக்கொண்டிருந்தாள்.

பாய் தலையைச் சொறிந்தார். "நா மொதல்ல வேல பாத்த கட மொதலாளியோட தாயாரு இருக்காங்க. கழி ஓரத்துலதான் வீடு, வாசப்படி தண்ணிக்குள்ள எறங்கும். அவங்கள வேணா கேட்டுப் பாப்போம். பொம்பளைங்க கூட வந்தாத்தான் சரியாயிருக்கும். நீயும் வா தங்கச்சி."

"தையல் கெடக்கு பாய்" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினேன்.

நடந்தே போய்விடலாம். ஆனால் அவள் படகில்தான் போக வேண்டும் என்றாள். அக்கரைக்கும் இக்கரைக்கும் ஆள் ஏற்றுகிற அப்ரா ஒன்றைப் பேசிக்கொண்டோம். அவள், பாய், நான், நாலாவதாகக் குச்சிக்காரர். கூப்பிடாமலே ஏறிவிட்டார். படகு துறையை ஒட்டிப் போகும்போது அவள் போர்வையோடு எழுந்து நின்றாள். பெரிய பறவை ஒன்று படகில் நிற்பதுபோல் இருந்தது. துறையில் நின்ற கூட்டம் திரும்பிப் பார்த்தது. "சேச்சீ, கேறி வா!" என்று ஒரு மலையாளத்தான் கை நீட்டினான். "ஆவோ, ஆவோ, ஜல்தி" என்றான் ஒரு மூட்டைக்காரன். அவள் கண் விரிய, பாயைப் பார்த்து, இவர்களா என்று கேட்டாள்.

"மாஃபி, மாஃபி" என்று அரபியில் மறுத்தார் பாய், அவளிடம் இங்கிலீஷில் பேச வேண்டும் என்பதையே மறந்து. "எல்லாரும் நம்மள மாதிரி வந்த பயலுவதான்."

படகுக்காரனைக் கேட்டாள். அவன் ஈரான்.

அந்த வீட்டுப் படியருகே படகை நிறுத்தினோம். மேலே காற்றுப் பிடிக்கிற கோபுரம் வைத்த பழைய வீடு. பாய் மட்டும் இறங்கி உள்ளே போனார். நாங்கள் ஆடிக்கொண்டே இருந்தோம். குச்சிக்காரரின் கால்சட்டை முழங்கால்வரை நனைந்துவிட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை. உதட்டை அசைத்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்து அந்த அம்மா வந்தார்கள். கறுப்பு அங்கி. முகத்தில் அந்தக் காலத்து உள்ளூர்ப் பெண்கள் போடுகிற, பொன்போல் மின்னும் விறைத்த துணி மறைப்பு. கண் மட்டும்தான் தெரிந்தது. அந்தக் கண் என்னைத் தாண்டி, வெள்ளைக்காரரைத் தாண்டி, போர்வையில் போய் நின்றது.

பாடகி தன் மொழியிலேயே பேசினாள். நீளமாகப் பேசினாள். தன் தாய், தாயைப் பெற்றவள், அவர்கள் கரை, அவர்கள் ஆறு என்று சொன்னாளாம், பிறகுதான் தெரிந்தது. கடைசியில் இங்கிலீஷில் கேட்டதைப் பாய் அரபியில் சொன்னார். அந்த அம்மா போர்வையிலிருந்து கண்ணை எடுத்து அவள் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு ஏதோ சொன்னார்கள். பாயின் முகம் தொங்கிவிட்டது.

"என்ன பாய்?"

"நா இந்தக் கரை இல்லங்குறாங்க தங்கச்சி. அக்கரையில, பாரசீகத்துப் பக்கம் பொறந்தவங்களாம். கலியாணமாகி பாய்மரத்துல வந்து எறங்குனவங்களாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். இந்த ஊரில் இந்த ஊர்க்காரர் என்று ஒருவர் உண்டா என்றே சந்தேகம் வந்துவிட்டது. பாடகி தலை குனிந்தாள். குச்சிக்காரர் முணுமுணுப்பை நிறுத்தினார். படகுக்காரன் கழியைப் பார்த்துத் திருப்பத் தொடங்கினான்.

அப்போது அந்த அம்மா கையை உயர்த்தினார்கள். மெதுவாகப் பேசினார்கள். பாய் சொல்லும்போது அவர் குரல் தணிந்துவிட்டது.

"அவங்க பெத்த ரெண்டு புள்ள இந்த மணல்லதான் கெடக்காம். சின்னதுலயே போயிருச்சுங்க. நா இங்கனக்காரி இல்ல, எம் புள்ளைங்க இங்கனக்காரங்கதான். அவங்களுக்காவ நா சொல்லலாம்ல, அது செல்லுமான்னு அந்தப் பொண்ணக் கேளுங்குறாங்க."

செல்லும் என்று அவள் சொன்னதைப் பாய் மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவில்லை.

"மர்ஹபா" என்று வரவேற்றார்கள் அந்த அம்மா. கையை நீட்டி அவளைப் படியேற்றினார்கள்.

உள்ளே பேரீச்சம்பழமும் கசப்புக் காப்பியும் வந்தன. ஆண்கள் இருவரும் முன் அறையில் இருக்க, நாங்கள் மூன்று பெண்களும் உள்ளே உட்கார்ந்தோம். பாஷை ஒன்றும் இல்லை. அந்த அம்மா போர்வையின் பித்தானை விரலால் தேய்த்துப் பார்த்தார்கள். மூக்கைப் பிடித்து, தலையைக் குனிந்து, தண்ணீருக்குள் போவதுபோல் காட்டி, வெளியே கை நீட்டி யாரையோ குறிப்புக் காட்டினார்கள். புருஷன் சிப்பி எடுத்து முத்துக் குளித்தவர் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். பாடகி உடனே ஒரு பித்தானைப் பிய்த்துக் கொடுக்கப் பார்த்தாள். வரவில்லை. நான் தைத்ததல்லவா! இழுத்தாள், முறுக்கினாள், என்னைப் பார்த்தாள். கத்தரி இல்லாமல், கடைசியில் நானே பல்லால் நூலைக் கடித்தேன். அந்த அம்மாவின் தோள் குலுங்கியது. மறைப்புக்குள்ளே சிரிக்கிறார்கள் என்று தெரிந்தது.

புறப்படும்போது, கச்சேரிக்கு வாருங்கள் என்று பாய் சொல்லிப் பார்த்தார். ஹோட்டலுக்கெல்லாம் வருவதில்லை, காற்று இந்தப் பக்கம்தானே அடிக்கும், மொட்டை மாடியில் உட்கார்ந்து கேட்கிறேன் என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று சாயந்தரம் கடைசிப் பாட்டுக்கு முன்னால் நான் பந்திக் கதவருகே நின்றுகொண்டேன். பிடில்கள் அடியிலிருந்து எழுந்தன. அவள் ஒரு மூச்சு அதிகமாகவே காத்திருந்தாள். குச்சி உயரத்திலேயே நின்றது. பிறகு குரல் வந்தது. அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இனிமை என்று சொன்னால் அது அல்ல. தூரத்தில் இருக்கிறவர் காதில் விழ வேண்டும் என்று கூப்பிடுகிற குரல். அவள் இழுத்தால் அத்தனை வில்லும் இழுத்தன. நிறுத்தினால் நின்றன. குச்சிக்காரர் ஓர் இடத்தில் தாளைப் புரட்ட மறந்து அவள் வாயையே பார்த்தார். வெள்ளைக்காரக் கூட்டம் கைதட்டியது. அவள் அவர்களைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, கழியின் பக்கம் திரும்பி இன்னொரு முறை கும்பிட்டாள். அங்கே இருட்டுதான் இருந்தது.

மறுநாள் காலை அவள் முதல் விமானத்தில் போய்விட்டாள். வாத்தியக்காரர்கள் பெட்டிகளோடு வாசலில் வண்டிக்குக் காத்திருந்தார்கள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்த அம்மாவுக்குக் கேட்டதா இல்லையா? பாயை விரட்டி அனுப்பினேன். அவர் மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். குச்சிக்காரரும் என்னைப்போலவே காத்திருந்தார் போலும், எழுந்து ஓடி வந்தார்.

பாய் அவரிடம் இங்கிலீஷில் சுருக்கமாகச் சொன்னார். குரல் கேட்டதாம், ஒரு சொல் விடாமல் வந்து சேர்ந்ததாம். அவர் முகம் மலர்ந்தது. ஆனால் பாய் எதையோ விழுங்குகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"மிச்சத்தயும் சொல்லும் பாய்."

"வேண்டாம் தங்கச்சி, பாவம்."

"எங்கிட்டயாவது சொல்லுமய்யா."

"கொரலு நல்லா வந்துச்சு, ஆனா அதச் சுத்தி ஒரு எரைச்சல் வந்துச்சே, அது என்ன, கப்பலான்னு கேட்டாங்க."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். குச்சிக்காரர் என்னையும் பாயையும் மாறி மாறிப் பார்த்தார். தங்கள் வாத்தியங்களைப் பற்றி அந்த அம்மா என்ன சொன்னார்கள் என்று கேட்டார். பாய் கூரையைப் பார்த்தார். மறைத்துப் பேச எனக்கு வராது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "யூ, ஷிப்" என்றேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் பெட்டியைக் கீழே வைத்தார். கழியின் பக்கம் திரும்பிக்கொண்டார். வண்டி வந்து ஹாரன் அடித்தது. அவர் திரும்பி, ரொம்ப அக்கறையாக, கையை அகலமாக விரித்தும் குறுக்கியும் காட்டி, பெரிய கப்பலா சின்னக் கப்பலா என்று என்னிடம் கேட்டார்.

அதை அவர்கள் சொல்லவில்லை என்றேன்.