எல்லோருக்கும் முன்னால் அம்மா சிரித்தார்

அந்த மூன்று நுழைவுச்சீட்டுகளையும் அப்பா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். காசு கொடுக்காமல் வீட்டுக்குள் வந்த எந்தப் பொருளையும் அவர் அப்படித்தான் பார்ப்பார்.

"ஆர் தந்தது?"

"வேலையிலை தந்தவை."

"வேலையிலை எண்டால் ஆர்?"

"எல்லாருக்கும் தான் குடுத்தவை," என்றார் அம்மா, வெங்காயத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

ஒஸ்லோ நகர நடுவில் இருந்த ஒரு நாடக அரங்கில் அம்மா துப்புரவு வேலை செய்தார். அங்கே அந்தக் குளிர்காலம் ஒரு பழைய ஆங்கில நகைச்சுவை நாடகத்தை நோர்வேஜிய மொழியில் மறுபடி மேடையேற்றினார்கள். முந்நூறு வருடங்களுக்கு மேல் பழைய நாடகமாம். அதன் விளம்பரத்தை எங்கள் வீட்டுப் பக்கத்து ஹவுகெட்டோ ரயில் நிலையத்தில் நாங்கள் நாள்தோறும் கடந்து போனோம். அதில் ஒரு பெண், விழுந்துவிடுமோ என்று பயப்பட வைக்கிற சட்டை போட்டுக்கொண்டு, உதட்டில் விரல் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்பா அந்த இடம் வந்தால் எனக்கும் விளம்பரத்துக்கும் நடுவில் நடப்பார்.

ஆனாலும் போனோம். கொடுத்ததை வேண்டாமென்றால் வேலையில் என்ன நினைப்பார்களோ என்ற பயம், நாடகத்தைப் பற்றிய சந்தேகத்தைவிடப் பெரியதாக இருந்தது. சனிக்கிழமை பகல் காட்சி. அப்பா கல்யாண வீடுகளுக்குப் போடும் கோட்டைப் போட்டார். அம்மா சேலை உடுத்தார். மூன்றாவது வரிசையில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நான் இருந்தேன். அது என் வழக்கமான இடம். டொக்டரிடமும் பள்ளிக்கூடத்திலும் அரசாங்கக் கந்தோர்களிலும் நான்தான் மொழிபெயர்ப்பாளர். எனக்குப் பதினொரு வயது.

கதை சுலபம். ஒரு பணக்காரக் கிழவர், இளம் மனைவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டி, பூட்டின் திறப்பை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிகிறார். மணிக்கூடு திருத்துகிறவன் என்று பொய் சொல்லிக்கொண்டு ஓர் இளைஞன் உள்ளே வருகிறான். மணிக்கூடு எவ்வளவு காலமாக நின்றுபோயிருக்கிறது என்று கேட்கிறான். கல்யாணம் ஆன நாளிலிருந்து என்கிறாள் அவள். ஐயா சாவி கொடுப்பதில்லையா? கொடுக்கத்தான் பார்க்கிறார், பாதியிலேயே நித்திரையாகிவிடுகிறார்.

அரங்கம் அதிர்ந்தது. எங்களுக்கு முன்னால் முத்துமாலை போட்ட ஒரு மூதாட்டி நிகழ்ச்சித் தாளால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். பக்கத்தில் இருந்த அவருடைய கணவர் நேரே பார்த்தபடி கல்லாக இருந்தார். பின்னால் யாரோ ஒருவன் காலால் தரையை உதைத்தான். ஒரு தம்பதி எழுந்து, எல்லோருடைய முழங்காலிலும் இடித்துக்கொண்டு வெளியே போனார்கள். அவர்கள் போவதைப் பார்த்தும் சனங்கள் சிரித்தார்கள்.

"என்னவாம்?" என்றார் அப்பா.

"மணிக்கூட்டுக்குச் சாவி குடுக்கேக்கை அவர் நித்திரையாப் போயிடுவாராம்."

"அதுக்கேன் இவ்வளவு சிரிப்பு?"

"தெரியாது."

"நீ முழுக்கச் சொல்லேல்லை, பிள்ளை."

நான் முழுக்கத்தான் சொன்னேன். அதற்குள் என்ன இருந்தது என்று சத்தியமாக எனக்கும் தெரியாது. அப்பா நம்பவில்லை. அதற்குப் பிறகு அவர் மேடையைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சனங்களைப் பார்க்கத் தொடங்கினார், எங்களைப் பற்றித்தான் ஏதோ சிரிக்கிறார்கள் என்பதுபோல.

நானும் மேடையை விட்டுவிட்டேன். காரணம் வேறு. என் இடது பக்கத்தில் அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். அதிலே அதிசயம் இல்லை, எல்லோரும்தான் சிரித்தார்கள். ஆனால் அம்மாவின் சிரிப்பு ஒரு மூச்சு முந்தி வந்தது. நடிகை வாயைத் திறக்கும்போதே அம்மாவின் தோள் ஆடியது, அதற்குப் பிறகுதான் அரங்கம் வெடித்தது. ஒரு தரமல்ல, நாலைந்து தரம் கவனித்தேன்.

அம்மாவுக்கு நோர்வேஜியம் தெரியாது. ஓம் என்பதற்கு 'யா', நன்றிக்குத் 'தக்' என்ற இரண்டு சொற்களோடும் என்னோடும்தான் அவர் அந்த நாட்டில் நடமாடினார். அப்படித்தான் எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தோம்.

இடைவேளையில் ஒரு வயதான நோர்வேஜியப் பெண் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு வந்து கட்டிப்பிடித்தார். மேடையில் வசனம் மறந்தவர்களுக்கு மறைவில் இருந்து மெல்ல எடுத்துக் கொடுப்பவர் அவர். அப்பாவின் கையைக் குலுக்கிவிட்டு வேகமாகப் பேசினார். ஒத்திகை நடந்த ஆறு கிழமையும் அரங்கத்தின் உள்நடைபாதைகளில் இருந்த ஒலிபெருக்கியில் வசனங்கள் கேட்டுக்கொண்டேயிருக்குமாம். ஒருநாள் அவர் இருமலோடு வெளியே போயிருந்தபோது கிழவராக நடிப்பவர் வசனத்தை மறந்து நின்றாராம். கடைசி வரிசைக்குப் பின்னால் நிலம் துடைத்துக்கொண்டிருந்த அம்மா அந்த வசனத்தை எடுத்துக் கொடுத்தாராம், முழுதாக, சரியான இழுவையோடு. எல்லோரும் கைதட்டினார்களாம். நுழைவுச்சீட்டு அதற்காகத்தானாம். உங்கள் மனைவிக்குப் பகிடிகள் எல்லாம் எங்களைவிட நன்றாக விளங்குகின்றன என்று சொல்லிச் சிரித்தார்.

அப்பா பாதியைப் பிடித்திருக்கலாம், பிடிக்காமலும் இருக்கலாம். வேகமாகப் பேசினால் அவருக்குக் கைநழுவிவிடும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன சொல்லுறா?"

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரே ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அதில் கெஞ்சலும் இல்லை, அதட்டலும் இல்லை. என்னிடம் எதையோ ஒப்படைத்துவிட்டுக் காத்திருப்பதுபோல இருந்தது.

"அம்மா நல்லாத் துப்புரவாக்கிறாவாம். அதுதான் ரிக்கெற் குடுத்தவையாம்," என்றேன்.

"அது தெரிஞ்ச விசயம் தானே," என்றார் அப்பா. முகத்தில் கொஞ்சம் பெருமை. ஆனால் அந்தப் பெண் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். இவ்வளவு நீளமாகச் சொன்னது இவ்வளவு சுருக்கமாக முடிந்துவிட்டதே என்று அவருக்கும் ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

இரண்டாம் பாதியில் அம்மா சிரிக்கவே இல்லை. அரங்கம் உருண்டு புரண்டு சிரித்தபோதும் கைகளை மடியில் கோத்துக்கொண்டு இருந்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பார்ப்பது அவருக்குத் தெரியும் என்பதும் எனக்குத் தெரிந்தது.

முடிவுக்குக் கிட்ட, அந்த இளைஞன் மேடையின் விளிம்புக்கு வந்து கணவன்மாரைப் பார்த்துக் கேட்டான்: தன் மனைவியின் தலைக்குள் இருப்பதெல்லாம் தனக்குத் தெரியும் என்று சொல்லக்கூடிய மனிதர் யாராவது இங்கே இருந்தால் கையை உயர்த்துங்கள். அவனுடைய பார்வை எங்கள் வரிசையில் வந்து நின்றது. ஒரு மனிதன் நேராகப் பார்த்து ஏதோ கேட்கிறானே என்று அப்பா மரியாதையாகப் புன்னகைத்து, கையைத் தூக்கி அசைத்தார்.

அன்று எழுந்த எல்லாச் சிரிப்பிலும் பெரிய சிரிப்பு அதுதான். கைதட்டினார்கள், விசில் அடித்தார்கள். முத்துமாலை மூதாட்டி திரும்பி அப்பாவின் முழங்காலில் செல்லமாகத் தட்டினார். கல்லாக இருந்த அவருடைய கணவர்கூடச் சிரித்தார். அப்பா எல்லாப் பக்கமும் தலையசைத்தார். அம்மாவின் காது மடல் சிவந்திருந்தது.

ரயிலில் அப்பா உற்சாகமாக இருந்தார்.

"அந்தப் பொடியன் என்னைப் பாத்து என்னவோ கேட்டவன். என்னவாம், பிள்ளை?"

நான் வாயைத் திறப்பதற்கு முன் அம்மா சொன்னார்: "நாடகம் பிடிச்சிருக்கோ எண்டு கேட்டவன்."

அப்பா மெதுவாகத் திரும்பினார். "உமக்கெப்பிடித் தெரியும்?"

ரயில் ஒரு நிலையத்தில் நின்று, கதவு திறந்து, மூடியது.

"வேறை என்னத்தைக் கேக்கப் போறான்," என்றார் அம்மா.

அப்பா என்னைப் பார்த்தார். "ஓமோ?"

"ஓம் அப்பா. அதைத்தான் கேட்டவன்."

அதற்குப் பிறகு அவர் யன்னல் கண்ணாடியில் தெரிந்த அம்மாவின் முகத்தை ஹவுகெட்டோ வரும்வரை பார்த்துக்கொண்டு வந்தார்.

அம்மா தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பொய் சொன்னார் என்று நான் தீர்மானித்தேன். என்னிடம் ஒரு இரகசியம் சிக்கிவிட்டது என்ற பெருமிதம் வந்தது. அதை உடனே சோதித்தும் பார்த்தேன். அடுத்த நாள் அடுப்படியில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற அம்மாவிடம் நோர்வேஜியத்தில், "உங்கள் சேலைக்குப் பின்னால் எரிகிறது," என்றேன். அவர் அசையவில்லை. "என்ன பிள்ளை சொல்லுறாய், தமிழிலை சொல்லு," என்றார். நான் விடவில்லை. வெள்ளிக்கிழமை வகுப்புத் தோழி வீட்டில் தங்கப் போகிறேன் என்று தமிழிலேயே சொன்னேன். அதுவரை ஒருநாளும் கிடைக்காத அனுமதி அது. அம்மா என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "சரி, போட்டு வா," என்றார். எனக்குப் பயந்துவிட்டார் என்று நினைத்தேன். நெடுங்காலம் அப்படியே நினைத்திருந்தேன், அவர் யாரைக் காப்பாற்றினார் என்று கேட்காமலே.

நாடகத்துக்கு முந்திய கோடையில் அப்பா நோர்வேஜிய மொழிப் பரீட்சையில் இரண்டாவது தடவையும் தவறியிருந்தார். முடிவு கடிதத்தில் வந்தது. அதை உரத்து வாசித்து, பிறகு தமிழில் சொன்னவளும் நான்தான். அப்பா மேசையில் கைகளை வைத்தபடி காத்திருந்தார். அம்மா கறியைக் கிளறிக்கொண்டிருந்தார். நான் நோர்வேஜியத்தில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே, தமிழில் ஒரு சொல்லும் சொல்வதற்கு முன்பே, அம்மாவின் அகப்பை நின்றுவிட்டது. பிறகு ஒன்றும் நடக்காததுபோல மறுபடி சுற்றத் தொடங்கியது.

அது நின்றதை நான் கண்டேன். கண்டும், கடிதத்தில் அடுத்த வரி எது என்றுதான் தேடிக்கொண்டிருந்தேன்.