குப்பை விதிகளுக்கு நாங்கள் சொன்ன கருத்து

எங்கள் பிரதேச சபை குப்பை பற்றிப் புதிய விதிகள் கொண்டுவரப் போகிறதாம், அதற்கு முன்னால் பொதுமக்களின் கருத்தைக் கேட்கப் போகிறதாம். எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கடிதம் வந்தது, தனிச் சிங்களத்தில். கூட்டம் ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு. அந்த நேரத்தில் தோட்டத்துச் சனம் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும் என்று எழுதியவருக்குத் தெரியாதா? தெரிந்தவர்கள்தான் அப்படி நேரம் வைப்பார்கள்.

நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவன். சிங்களம் தெரியும் என்பதால் மொழிபெயர்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். பக்கத்து லயத்து வரிசை வீட்டில் இருக்கும், கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் மட்டும் அன்றைய வேலையை விட்டுவிட்டு என்னோடு பஸ் ஏறினார். அவருக்குக் காரணம் இருந்தது. சபையின் ட்ரக்டர் டவுன் குப்பையை எங்கள் லயங்களுக்கு மேலே, ஓடைக்கரையில் கொட்டிவந்தது. ஒரு மழை பெய்தால் போதும், பிள்ளைகளுக்குக் கட்டிய பம்பர்ஸும் சொப்பிங் பேக்கும் நாங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலி வரைக்கும் வந்துவிடும். அவருடைய பேத்தி அந்த வருடத்தில் இரண்டு தடவை வயிற்றோட்டத்தோடு பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

மண்டபத்தில் குத்துவிளக்கு ஏற்றவே அரை மணி நேரம் போயிற்று. விளக்கேற்ற ஆறு பேர், ஆறு பேருக்கும் வெற்றிலை. மேசையில் மூன்று நிறத்தில் புத்தம் புதிய தொட்டிகள், கடைக்கார ஸ்டிக்கர்கூடக் கிழியாமல். இனி வீடுகளில் குப்பையை எரிக்கக் கூடாது, புதைக்கக் கூடாது, உக்குவது, உக்காதது என்று பிரித்து ட்ரக்டரில்தான் கொடுக்க வேண்டும் என்று அதிகாரி விளக்கினார். எங்கள் லயத்துக்கு அந்த ட்ரக்டர் குப்பை எடுக்க ஒரு நாளும் வந்ததில்லை. முன்வரிசைக் கடைக்காரர்கள் தலையாட்டினார்கள். எதற்கென்று அவர்களுக்கே தெரிந்திராது.

கருத்துச் சொல்லலாம் என்றதும் அக்கா எழுந்தார்.

“ஐயா, எரிக்கக் கூடாது, பொதைக்கக் கூடாதுன்றீங்க. சரி. எங்க குப்பைய எடுக்க ஒங்க ட்ரக்டருக்கு வழி தெரியல. டவுன் குப்பைய எங்க தண்ணி மேல கொட்ட மட்டும் வழி தெரியுதா? ஒங்க புள்ளைங்க பேண்டத நாங்க குடிக்கணுமா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சிங்களத்தில் சொன்னேன்: தோட்டப் பகுதிக்கும் குப்பை சேகரிப்பு வசதியை விரிவுபடுத்துமாறு அம்மா பணிவோடு கேட்டுக்கொள்கிறார்.

அதிகாரி புன்னகையோடு குறித்துக்கொண்டார்.

அக்கா உட்காரவில்லை. என் பக்கம் திரும்பினார். “மாஸ்டர், நான் பணிவா ஒன்னும் கேக்கலியே. கல்யாணத்துக்கு முந்தி பண்டாரவளையில ஒரு சிங்கள வீட்டுல ஆறு வருசம் வேலைக்கு நின்னவ நான்.”

காலையிலிருந்து அந்த மண்டபத்தில் இருந்த ஒவ்வொருவரையும் மனதுக்குள் இகழ்ந்துகொண்டிருந்தேன். அவர்களுக்கு நடுவே நானும் ஒருவனாகத்தான் நின்றிருந்தேன். என் இடமாற்ற விண்ணப்பத்துக்கு மேடையில் இருந்த ஒருவரின் சிபாரிசு தேவைப்பட்டது. அவ்வளவுதான் காரணம். அதைவிடக் கௌரவமான காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

அக்கா தானே சிங்களத்தில் சொன்னார். சமையலறையில் கற்ற சிங்களம், ஆனால் ஒரு சொல்லும் குறையவில்லை. அதிகாரியின் புன்னகை போயிற்று. குப்பை கொட்டும் இடம் இன்றைய தலைப்பில் இல்லை, எழுத்தில் கொடுங்கள் என்று ஒரு படிவத்தை நீட்டினார். அத்தோடு சாப்பாடு. மேசையில் இருந்த புதுத் தொட்டிகள் அழுக்காகிவிடும் என்றோ என்னவோ, சாப்பாடு சுற்றியிருந்த லஞ்ச் சீட்டுகளை மண்டபத்துக்குப் பின்னால் எறிந்தார்கள்.

படிவத்தை அக்கா சொல்லச் சொல்ல நான் நிரப்பினேன். இந்த முறை எதையும் மாற்றவில்லை. அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, “இத முன்னாடியே செஞ்சிருக்கலாம்ல மாஸ்டர்?” என்றார்.

இரண்டு மாதத்தில் விதிகள் நடைமுறைக்கு வந்தன. கூட்ட அறிக்கையில் எங்களைப் பற்றி ஒரு வரி இருந்தது: தோட்ட மக்கள் விதிகளை முழுமனதோடு வரவேற்றனர்.

அதை வாசித்துக் காட்டிய அன்று மாலையே அக்கா லயம் லயமாகப் போய்ப் பெண்களோடு பேசினார். அடுத்த வாரம் ட்ரக்டர் ஓடைக்கு வந்தபோது, பதினான்கு பெண்கள் கொழுந்துக் கூடையோடு பாதையை மறித்து நின்றார்கள். டிரைவர் ஹோர்ன் அடித்தார், கத்தினார், யாருக்கோ போன் எடுத்தார். யாரும் நகரவில்லை. கடைசியில் ஏற்றி வந்த குப்பையோடு திரும்பிப் போனார். பிறகு ட்ரக்டர் அந்தப் பக்கம் வரவில்லை.

சபை திருந்திவிட்டதென்று யாரும் நினைக்க வேண்டாம். இப்போது இரண்டு மைல் தள்ளி, வேறொரு தோட்டத்துக்கு மேலே கொட்டுகிறார்கள். அது தெரிந்ததும் அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தோட்டத்துப் பெண்களைப் பார்க்கப் போனார். என்னைக் கூப்பிடவில்லை.